ரகசியக் கேமராவோடு பேராசிரியர் அறைக்குள் போகலாமா?

கல்லூரி ஆசிரியர் ஒருவர் இன்டர்னல் மார்க்கைக் காட்டி மாணவியிடம் தப்பாக நடக்கிறார். அந்தப் பெண் சொன்னதை யாரும் நம்பவில்லை. விஷயம் ஒரு பத்திரிகைக்கு வருகிறது. பெண் நிருபர் ஒருவர் மாணவி வேடத்தில், கைப்பைக்குள் சின்னக் கேமராவோடு அந்த ஆசிரியரைப் பார்க்கப் போகிறார். அவர் பேசுவது, நடந்துகொள்வது எல்லாம் பதிவாகிறது. மறுவாரம் ஊரே அதைப் பார்க்கிறது.

இது சரியா? கேட்டவுடன் இரண்டு பதில்கள் வரும். "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் என்னங்க நியாயம் வேண்டிக்கிடக்கு?" என்பார்கள் சிலர். "பொய் சொல்லி உள்ளே போய் எடுத்ததை எப்படிங்க நம்பறது?" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பதிலும் அந்த ஆசிரியரைச் சுற்றியே நிற்கின்றன. என்னைக் கேட்டால், அவரை ஏமாற்றலாமா என்பதுதான் இதில் இருப்பதிலேயே சுலபமான கேள்வி. மாணவியை நாம் என்ன செய்கிறோம், உள்ளே அனுப்பிய நிருபரை என்ன செய்கிறோம் என்பவைதான் கஷ்டமானவை. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இதழியல் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளும், யூடியூப் சேனல் ஆரம்பித்துச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

லாகோஸும் டெல்லியும்

2019 அக்டோபரில் பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுப் பிரிவு ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. நைஜீரியாவின் லாகோஸ் பல்கலைக்கழகத்துக்கும் கானா பல்கலைக்கழகத்துக்கும் பெண் நிருபர்கள் மாணவிகளாகப் போனார்கள். லாகோஸில் ஒரு விரிவுரையாளரிடம், அட்மிஷன் தேடி வந்த 17 வயதுப் பெண்ணாக ஒரு நிருபர் நடித்தார். அந்த விரிவுரையாளர் சர்ச்சில் போதகராகவும் இருந்தவர். அவர் பேசியதும், விளக்கை அணைத்துவிட்டு நடந்துகொண்டதும் பதிவாயின. படத்தை வழிநடத்திய கிகி மோர்டி, ஒரு விரிவுரையாளரின் தொல்லையால் தன் படிப்பையே விட்டவர்.

விளைவு வேகமாக வந்தது. லாகோஸ் பல்கலைக்கழகம் அவரை உடனே இடைநீக்கம் செய்தது; 2021இல் படத்தில் வந்த இரண்டு ஆசிரியர்களை வேலையிலிருந்தே நீக்கியது. உயர்கல்வி நிலையங்களில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் மசோதா நைஜீரிய மேலவையில் தூசி தட்டி எடுக்கப்பட்டு 2020 ஜூலையில் நிறைவேறியது. அதில் சொல்லப்பட்ட அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. கானாவில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. அங்கே சிக்கிய இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். படத்தின் தலைப்பு மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பாலுறவு என்று சொல்கிறது, நாங்கள் மதிப்பெண் பேரம் பேசிய காட்சி எங்கே என்று கேட்டார்கள். பல்கலைக்கழகம் விசாரித்து, நடத்தை தவறு என்று சொல்லி, சில மாதங்கள் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. அவர்கள் மேல் இரக்கம் வராவிட்டாலும் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா காட்டியதற்கு மேல் தலைப்பு ஒரு அடிகூடத் தாண்டக் கூடாது.

இப்போது டெல்லி. 2007 ஆகஸ்ட் கடைசியில் ஒரு தனியார் டிவி சேனல், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுகிறார் என்று ரகசியக் கேமராக் காட்சியை ஒளிபரப்பியது. கூட்டம் பள்ளிக்கு முன் திரண்டது. அந்த ஆசிரியையை அடித்து, உடையைக் கிழித்தார்கள். வேலையும் போனது. பிறகு போலீஸ் விசாரித்தபோது, காட்சியில் பேசிய 'மாணவி' அந்தப் பள்ளி மாணவியே இல்லை, பத்திரிகைத் துறைக்குள் வர ஆசைப்பட்ட ஒரு பெண் என்று தெரிந்தது. நிருபர் கைதானார், சேனலை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது மத்திய அரசு. டெல்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அந்த டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: தானாகச் செய்யாத குற்றத்தைச் செய்யும்படி ஒருவரைத் தூண்டிவிட்டுப் படமெடுப்பது கூடாது.

இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே மாதிரிக் கேமராதான். ஒன்றில் பொய் சொன்னவர் உண்மையைப் பிடிக்கப் போனார், மற்றதில் பொய்யே செய்தியாகிவிட்டது. இதை வெளியிலிருந்து பார்க்கிறவரால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் இந்தத் தொழில்முறையின் ஆபத்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: மங்கலான படம், சாய்ந்த கோணம், கீழே சிவப்பு எழுத்து.

லஞ்ச ஒழிப்புத் துறை எப்படிப் பிடிக்கிறது?

கொங்கு நாட்டில் இதை விளங்கவைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது நினைவிருக்கும். உதவிப் பேராசிரியர் ஒருவர் கொடுத்த புகாரில் நடந்தது அது. இப்படிப் பொறி வைத்துப் பிடிக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? முதலில், ஒருவர் வந்து "என்னிடம் இவ்வளவு கேட்டார்" என்று புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்குப் பதிவாகும். நோட்டில் பினாப்தலின் தூள் தடவுவார்கள். கூட அரசு ஊழியர்கள் சாட்சியாகப் போவார்கள். பணத்தை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் சொன்னால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஆனால் கை சிவந்தால் மட்டும் போதாது. அவராகக் கேட்டார் என்பதை நிரூபிக்காமல் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

அதாவது, கேட்டது முதலில், பொறி அதற்கப்புறம். யாரும் புகார் சொல்லாத ஒரு அதிகாரியின் மேஜையில் பணத்தை வைத்து, எடுக்கிறாரா பார்ப்போம் என்று காத்திருப்பதில்லை.

செய்திக்கும் இந்த வரிசைதான். நிருபர் உள்ளே போகும் முன்பே, அந்த ஆசிரியர் மேல் குறிப்பான புகார் இருக்க வேண்டும். அதுவும் ஒருவர் சொன்னது போதாது என்பேன். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மூன்று பேர், வெவ்வேறு பேட்ச், ஒரே மாதிரியான நடத்தையைச் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில் அறைக்குக் கூப்பிடுவார், என்ன சாக்குச் சொல்வார், எந்த மெசேஜில் தொடங்குவார் என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். பிபிசியின் ஆசிரியர் குழு விதிகளும் இதையே சொல்கின்றன: குறிப்பிட்ட நபர்மேல் முன்கூட்டியே ஆதாரம் இல்லாமல், எதாவது மாட்டுமா என்று ரகசியக் கேமராவோடு சுற்றக் கூடாது. அங்கே பதிவு செய்ய ஒரு அனுமதி, பதிவு செய்ததை ஒளிபரப்ப இன்னொரு அனுமதி என்று இரண்டு கட்டம். எடுத்துவிட்டோம் என்பதற்காகவே போட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டாவது கட்டம்.

உள்ளே போன பிறகு? பேச்சை நிருபர் தொடங்கக் கூடாது. "சார், எப்படியாவது பாஸ் போட்டுவிடுங்க, நான் என்ன வேணும்னாலும் செய்யறேன்" என்று நிருபர் சொல்லி, அதற்கு ஆசிரியர் இளித்தால், அங்கே குற்றத்தை எழுதியது நிருபர். "சார், எனக்கு இன்டர்னல் கம்மியா வந்திருக்குங்க. என்ன செய்யணும்?" என்று சாதாரண மாணவி கேட்பதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லட்டும். "அசைன்மென்ட் மறுபடி எழுதிக் கொண்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாரா, நல்லது. அந்தப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நான்கு முறை ஒழுங்காகவும் ஐந்தாம் முறை தப்பாகவும் பேசினார் என்றால், ஐந்தும் சேர்ந்ததுதான் உண்மை.

அதற்கு முன்னால் தட்ட வேண்டிய கதவுகள்

ரகசியப் பதிவுக்கு நியாயம் கிடைப்பது, நேர்வழி அடைபட்டிருக்கும்போதுதான். அந்த நேர்வழி என்ன என்பதே பல மாணவிகளுக்குத் தெரியாது, பல நிருபர்களுக்கும் தெரியாது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதையொட்டி யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தன் 2015 விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு, அதுதான் எல்லோரும் ஐ.சி.சி. என்பது, இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியர். வெளியிலிருந்து ஒருவர். மாணவர்கள் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் உட்கார வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

நிருபர் முதலில் செய்ய வேண்டிய வேலை இங்கே இருக்கிறது, அதற்குக் கேமராவே வேண்டாம். குழு இருக்கிறதா? வெளி உறுப்பினர் யார்? அவர் உண்மையிலேயே வெளி ஆளா, தாளாளரின் நண்பரா? மாணவப் பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுத்தது? கடைசியாகக் குழு எப்போது கூடியது? அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். நம் பக்கம் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளில் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் பலகையில் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களுக்கு போன் போட்டுப் பார்த்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். குற்றம்சாட்டப்பட்டவர் நிர்வாகத்தின் தலையே என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போக வழி உண்டு.

ஆனால் ஏன் மாணவிகள் இந்தக் கதவையே தட்டுவதில்லை என்பதையும் நிருபர் புரிந்துகொள்ள வேண்டும். நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்தோ அதற்கு மேலோ ஆசிரியர் கையில். லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து அவர் கையில். வைவாவில் எதிரே உட்காருவது அவர். முனைவர் பட்டம் என்றால் இன்னும் மோசம்: கைடு கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு வாசலைத் தாண்டாது, நான்கைந்து வருட உழைப்பு ஒருவர் விருப்பத்தில் தொங்கும். இதற்கெல்லாம் மேலே வீடு. கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ காலையில் ஆறரை மணி பஸ் பிடித்து வரும் பெண், குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள், நிருபரிடம் கேட்கும் முதல் கேள்வி தண்டனையைப் பற்றி இருக்காது. "அக்கா, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திப்போட்டு மாப்பிள்ளை பார்த்துருவாருங்க. பேரு வராதுங்களே?" என்றுதான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வைத்திருக்காத நிருபர், கேமராவைத் தொடவே கூடாது.

மாணவியைத் தூண்டில் புழுவாக்காதீர்கள்

சில சேனல்காரர்கள் எடுக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. தங்கள் ஆளை அனுப்பாமல், புகார் சொன்ன பெண்ணையே "போனை ஆன் பண்ணி வெச்சுட்டு இன்னொரு தடவை போய்ப் பேசும்மா" என்று திருப்பி அனுப்புவது. இதைவிட மோசமான காரியம் இந்தத் தொழிலில் இல்லை. யாரிடமிருந்து தப்பிக்க உதவி கேட்டு வந்தாளோ, அவரிடமே தனியாக அனுப்புகிறோம். மாட்டிக்கொண்டால் அடி அவளுக்கு, காட்சி கிடைத்தால் பேர் நமக்கு.

ஒரு மாணவி தானாக, தன் பாதுகாப்புக்காக, தன்னிடம் பேசப்பட்டதைப் பதிவு செய்வது வேறு. 2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டை கல்லூரி உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி மாணவிகளிடம் போனில் பேசிய ஆடியோ வெளிவந்து தமிழ்நாட்டையே உலுக்கியது. பல்கலைக்கழக உயர் அதிகாரிகளுக்கு 'இணங்கிப் போக' மாணவிகளை வற்புறுத்திய பேச்சு அது. அங்கே நிருபர் யாரும் வேடம் போடவில்லை. பேச்சு வந்தது மாணவிகளுக்கு, பதிவு வந்ததும் அவர்களிடமிருந்து. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டார்கள். இப்படி ஒரு பதிவோடு மாணவி வந்தால் நிருபர் செய்ய வேண்டியது, அந்த போனை அப்படியே பத்திரப்படுத்தச் சொல்வது, ஒரு வக்கீலைப் பார்க்க வைப்பது. வாட்ஸ்அப்பில் வாங்கி, வெட்டி ஒட்டி, மூலத்தைத் தொலைத்துவிட்டால் அவள் வழக்கையே கெடுத்தவர்கள் ஆவோம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி டிஜிட்டல் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) குறிக்கப்பட வேண்டும்.

வயதையும் கேட்டுவிடுங்கள். முதலாமாண்டில் 17 வயதுப் பெண்கள் நிறையப் பேர் உண்டு. 18 நிரம்பாதவர் என்றால் விஷயம், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் போய்விடும். குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பத்திரிகைக்காரருக்கு அதில் விலக்கு இல்லை. "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள், நல்ல காட்சி எடுத்துவிடுகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பெயர் மட்டுமா அடையாளம்?

பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கை விட்டுவிட்டு நம் பக்கத்தில் இதைப் பேச முடியாது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் பெயரை மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைக் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இன்னொரு பக்கம், ஒரு பெண் கதறும் வீடியோத் துண்டு டிவியிலும் செல்போனிலும் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் மறைத்திருந்தார்களே என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். குரல் மறைக்கப்படவில்லையே. அந்தக் குரலுக்கு உரியவரும் அவர் வீட்டாரும் அதைக் கேட்டிருப்பார்கள் என்ற நினைப்பு, ஒளிபரப்பியவர்களில் எத்தனை பேருக்கு வந்தது?

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சி சொன்ன பெண்களில் யாரும் பின்வாங்கவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் அன்று சொன்னார். அது சாத்தியமானதற்கு, பிறகாவது அவர்கள் அடையாளம் காக்கப்பட்டது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். பாடம் படித்தோமா என்றால், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. கல்லூரிக் குழுவிடம் போன புகார் என்றால் 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சி என யாருடைய பெயரையும் வெளியிடத் தடை செய்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம், பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்தத் தகவலையும் சொல்லக் கூடாது என்றது.

அந்தக் கடைசி வரியைச் சென்னை நிருபரைவிட நம் ஊர் நிருபர் அதிகமாக மனதில் வைக்க வேண்டும். "சத்தியமங்கலம் பகுதியைச் சேர்ந்த, கணிதம் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி" என்று எழுதினால் மாநகரத்தில் அது யாரோ ஒரு பெண். இங்கே அந்த வகுப்பில் சத்தியமங்கலம் பஸ்ஸில் வருவது இரண்டே பேராக இருப்பார்கள். அப்பா தறி ஓட்டுகிறார் என்று சேர்த்துவிட்டால் ஒரே பேர்தான். சாதி, ஊர், அப்பா தொழில், தம்பி படிக்கும் பள்ளி எல்லாம் கதைக்கு 'உயிர்' தரும் என்று துணை ஆசிரியர்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வெளியிடும் முன், அந்தத் துறையில் படிக்கும் யாரோ ஒருவர் இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவாரா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதில் தர்மசங்கடம் ஒன்று உண்டு: ஆசிரியரின் பெயரையும் துறையையும் போட்டாலே மாணவி யாரென்று சில சமயம் தெரிந்துவிடும். அப்போது எதை விடுவது என்ற முடிவு நிருபருடையது அல்ல, அந்தப் பெண்ணுடையது.

சம்மதம் என்பதும் முதல் நாள் "சரிங்கா" என்று சொன்னதோடு முடிவதில்லை. பேட்டி எடுக்கும்போது, எடிட் செய்த பிறகு, வெளியாகும் முந்தைய நாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நடுவில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்று மாத உழைப்பு வீணாயிற்றே என்று அவளிடம் புலம்புவதுகூட ஒருவகை மிரட்டல். அவளுக்கு அதைத்தானே அந்த ஆசிரியரும் செய்தார், வேறு வார்த்தையில்?

உள்ளே போகும் பெண்

செய்தி அறையில் யாரும் பேசாத ஆள் இவர். ஒரு மனிதர் தொல்லை தருகிறார் என்று தெரிந்தே ஒரு பெண்ணை அவரிடம் அனுப்புகிறோம். பெரும்பாலும் வயதில் சிறியவர், வேலைக்குப் புதிது, மாணவி போலத் தெரிவார் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உண்மையிலேயே முடியுமா? தற்காலிக வேலையில் இருக்கும் பெண்ணிடம் ஆசிரியர் குழுத் தலைவர் "உனக்கு ஓகேதானே?" என்று கேட்பதும், மாணவியிடம் ஹெச்.ஓ.டி. கேட்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குறைந்தபட்சம் இவை வேண்டும்: கூப்பிடு தூரத்தில் இரண்டு பேர், நேரடியாக ஒலி கேட்கும் வசதி, ஒரு குறிச்சொல் வந்தால் உடனே கதவைத் தட்டும் ஏற்பாடு, எந்த இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும் என்று முன்பே பேசி வைத்த எல்லை. தொட்ட பிறகுதான் ஆதாரம் முழுமையாகும் என்று யாராவது சொன்னால் அவரை அந்தச் செய்தியிலிருந்து விலக்குங்கள். பேச்சே போதும். லாட்ஜுக்கு வா, காட்டேஜுக்கு வா என்றால் போகக் கூடாது. கூப்பிட்டதே செய்தி.

இன்னொன்று. கல்லூரியில் குழு இருக்கிறதா என்று கேட்கப் போகும் பத்திரிகை அலுவலகத்தில் குழு இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் அங்கேயும் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ரகசியக் கேமராச் செய்திகளால் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட தெஹல்கா பத்திரிகையின் ஆசிரியரே 2013இல் உடன் பணியாற்றிய இளம் பெண்ணிடம் அத்துமீறினார் என்று வழக்கில் சிக்கினார். 2021இல் கோவா நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் முடிவு ஒரு பக்கம் இருக்கட்டும். புகார் வந்த அன்று அந்த அலுவலகத்தில் முறையான குழு அமைக்கப்பட்டிருக்கவில்லை என்பது, அடுத்தவர் அறைக்குள் கேமரா வைக்கிற எல்லோருக்கும் உறைக்க வேண்டிய செய்தி.

அப்படியென்றால் ஆசிரியருக்கு?

அவரை ஏமாற்றலாமா என்பது சுலபமான கேள்வி என்றேன், பதிலும் சுருக்கமானதுதான். மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் ஏமாற்றலாம். தன் பதவியை வைத்து, அலுவலக அறையில், மாணவியாக வந்தவரிடம் ஒருவர் சொல்வது அவருடைய அந்தரங்கம் ஆகாது. ஆனால் அவர் வீட்டு வாசலில் கேமரா வைப்பது, மனைவி பிள்ளைகளைக் காட்டுவது, சாதியை இழுப்பது எதற்கும் நியாயமில்லை. வெளியிடும் முன் அவரிடம் எல்லாக் குற்றச்சாட்டையும் சொல்லிப் பதில் கேட்க வேண்டும், பதில் சொல்ல நியாயமான நேரமும் தர வேண்டும், சொன்ன பதிலைக் கத்தரிக்காமல் போட வேண்டும். 2017 அக்டோபரில் ஃபேஸ்புக்கில் ஒரு பட்டியல் வந்தது நினைவிருக்கலாம். இந்தியப் பேராசிரியர்கள் பலரின் பெயர்கள் இருந்தன. பலருக்கு நேரே என்ன நடந்தது என்ற விவரம் இல்லை. அந்தப் பட்டியல் வரக் காரணமான கோபம் எனக்குப் புரிகிறது. நிருபர் அதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், அப்படியே செய்தியாக்க முடியாது.

நீதிமன்றங்கள் ரகசியப் பதிவை முழுதாகத் தடுக்கவும் இல்லை, கைதட்டி வரவேற்கவும் இல்லை. டெல்லி பிஎம்டபிள்யூ கார் விபத்து வழக்கில் சாட்சியை விலைபேசிய வக்கீல்களை ஒரு டிவி சேனல் ரகசியமாகப் பதிவு செய்தது; 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பு பொதுநலனுக்கானது என்றது. 2014இல் வேறொரு வழக்கில், மத்திய இணை அமைச்சர் ஒருவரிடம் பணம் கொடுத்துப் படம்பிடித்தவர்கள், பொதுநலனுக்காகச் செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது, விசாரணையைச் சந்திக்கட்டும் என்றது. பிரஸ் கவுன்சில் விதிகளோ, பதிவு செய்தவரிடமிருந்து அது உண்மையானது என்று எழுதி வாங்கவும், ஒவ்வொரு கட்டத்தையும் நடக்கும்போதே குறித்து வைக்கவும் சொல்கின்றன. பதிவைக் காட்டி, செய்தி போடாமல் இருக்க இவ்வளவு கொடு என்று கல்லூரி நிர்வாகத்திடம் பேரம் பேசுகிற ஆட்களும் உண்டு. அது இதழியலே இல்லை, மிரட்டிப் பணம் பறித்தல். அதற்கு வேறு சட்டப் பிரிவு இருக்கிறது.

வெளியான மறுநாள்

பெரும்பாலான ரகசியக் கேமராச் செய்திகள் ஆசிரியர் இடைநீக்கம் ஆனதோடு நின்றுவிடும். மாணவி அடுத்த திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போக வேண்டும். ஸ்டாஃப் ரூமில் அவருடைய நண்பர்கள் இருப்பார்கள். "வெளியே கொண்டுபோனது யாரு?" என்ற தேடல் தொடங்கும். "டி.சி. வாங்கிட்டு அமைதியா வேற காலேஜ் போயிரு கண்ணு" என்று பாசமாகச் சொல்ல ஒருவர் வருவார். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்பார்கள்.

இந்த இடத்தில் நிருபர் கையில் இருக்கும் கருவி யூஜிசி விதி. விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்தவரின் தேர்வையோ வேலையையோ எதிர்த்தரப்பு ஆசிரியர் மதிப்பிடக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே செய்தி வந்த வாரத்திலேயே கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: அவர் போட வேண்டிய இன்டர்னல் மதிப்பெண்ணை இனி யார் போடுவார்? ரெக்கார்டில் யார் கையெழுத்திடுவார்? ஆய்வு மாணவிக்குப் புது கைடு யார்? 90 நாள் முடியும் தேதி எது? அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அன்று மறுபடி போன் செய்ய வேண்டும்.